இடப்பக்கத் துளைகள்

அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. பட்டறையில் எல்லோருக்கும் அவர் ‘அரையிஞ்சு’. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதமே, நாற்பது பெல்ட்டில் வளையம் அரை இஞ்சு தள்ளித் தைத்திருக்கிறது என்று கண்டுபிடித்தவர் அவர். அத்தனையையும் தானே உட்கார்ந்து பிரித்துத் திரும்பத் தைத்தார். இருபத்திரண்டு வருடம் ஆகியும் அந்தப் பெயர் போகவில்லை. வீட்டிலும் அப்படித்தான். சுவரில் காலண்டர் மாட்டினால் எட்ட நின்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். “என்னையும் அளந்து பார்த்துத்தான் கட்டிக்கிட்டாரு” என்று அவர் மனைவி உறவுக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

பட்டறை ஒரு குறுகலான கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. காவலாளிகளும் தீயணைப்பு வீரர்களும் போலீஸ்காரர்களும் இடுப்பில் கட்டும் தோல் பெல்ட், அதில் தொங்கும் உறைகள், இவைதான் அங்கே தயாராகும். ஆறு தையல் மெஷின், நடுவில் தோல் வெட்டும் நீளமேஜை, மூலையில் கண்ணாடி அறை. அந்த அறையில் முதலாளியம்மா உட்கார்ந்திருப்பார். வேலை பார்க்கிறவர்கள் மொத்தம் பன்னிரண்டு பேர். காலையில் கதவைத் திறந்ததும் பசையும் தோலும் கலந்த வாடை மூக்கில் அடிக்கும். பத்து நிமிஷத்தில் மூக்குக்குப் பழகிவிடும். வீட்டுக்குப் போனால் மனைவி மூக்கைப் பொத்துவாள்.

அந்த வருடத் தொடக்கத்தில் போலீஸிலிருந்து ஒரு புது ஆர்டர் வந்தது. ரோந்து போகிறவர்களுக்கு மின்னதிர்ச்சித் துப்பாக்கி கொடுக்கப்போகிறார்கள், அதற்கு உறை வைத்த பெல்ட் வேண்டும் என்றார்கள். நூற்று நாற்பது பெல்ட். என்ன ஏது என்று சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சி அதிகாரி நேரிலேயே வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும் பெண்மணி. பையிலிருந்து மஞ்சள் பிளாஸ்டிக்கில் ஒரு துப்பாக்கியை எடுத்து மேஜைமேல் வைத்ததும் மெஷின்கள் எல்லாம் ஒவ்வொன்றாக நின்றன.

“இதுல குண்டு இல்ல. ரெண்டு ஊசி பறக்கும். பின்னாடியே மெல்லிசா ஒயர். ஆள் மேல குத்தினதும் அஞ்சு செகண்டுக்குக் கரண்டு பாயும். உடம்பு விறைச்சு, வெட்டின மரம் மாதிரி விழுந்துடுவான்” என்றார் அவர்.

உறை தைக்கும் சின்னக்கா கேட்டாள்: “உங்களுக்கு யாராவது அடிச்சுப் பார்த்திருக்காங்களா மேடம்?”

சின்னக்காவுக்கு முப்பத்தைந்து வயதுதான். ஆனால் கிழவர்கள்கூட அவளைச் சின்னக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மனதில் பட்டதை அப்படியே கேட்டுவிடுவாள்.

“பயிற்சில எல்லாரும் ஒரு தடவை வாங்கிக்கணும்மா. அஞ்சு செகண்டுதான், எனக்கு அஞ்சு நிமிஷம் மாதிரி இருந்துச்சு. கத்தணும்னு நினைக்கிறேன், வாய் திறக்கல. பல்லு கிட்டிக்கிச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

பிறகு முக்கியமான விஷயத்துக்கு வந்தார். பிஸ்டல் வலப்பக்கம். மின்னதிர்ச்சித் துப்பாக்கி இடப்பக்கம். இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் மாற்றி. எந்தக் காரணத்துக்காகவும் இரண்டும் ஒரே பக்கம் வரக்கூடாது. உறையை நகர்த்த முடியாதபடி பெல்ட்டோடு சேர்த்துத் தைத்தே விடவேண்டும்.

அரையிஞ்சுக்கு ஒரு சந்தேகம். “மஞ்சக் கலர்ல பளிச்சுன்னு இருக்கே மேடம். பார்த்தாலே தெரியாதா?”

“பார்த்தாத்தானே? பதட்டத்துல கண்ணு எதிராளி மேல இருக்கும். கை மட்டும்தான் இடுப்புக்குப் போகும். கைக்குக் கலர் தெரியாதுங்க.”

இதையெல்லாம் எழுதி அவர் கொடுத்த தாளை முதலாளியம்மா அரையிஞ்சின் மெஷினுக்கு நேர் மேலே சுவரில் ஒட்டினார். பெல்ட்டை அளந்து வெட்டித் தைத்து, கடைசியில் சரிபார்ப்பது அரையிஞ்சின் வேலை. உறையைத் தைத்துப் பொருத்துவது சின்னக்காவின் வேலை. யார் தைத்தது என்று பின்னால் தெரியவேண்டும் என்பதற்காக ஒவ்வொருவரும் உள்பக்கம் ஒரு முத்திரை குத்துவார்கள். சின்னக்காவின் முத்திரை குட்டி நட்சத்திரம். நூற்று நாற்பது உறையின் மூடிக்குள்ளும் அந்த நட்சத்திரம் இருந்தது. ஏழு வாரத்தில் ஆர்டர் முடிந்து போனது. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

பெல்ட்டுகள் போய் இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை. அரைநாள் வேலை முடிந்து எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அரையிஞ்சு மட்டும் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கதவில் ஒரு நெட்டையான போலீஸ்காரர் குனிந்து நின்றார். முப்பது வயதிருக்கும். கையில் பெல்ட்டைச் சுருட்டிப் பிடித்திருந்தார்.

“அண்ணே, சின்ன வேலை. பத்து மணி நேரம் கார்லயே உக்கார்ந்திருக்கேன். இந்த ஷாக் துப்பாக்கி உறை சீட்டு பெல்ட்டுக் கொக்கியில போய் இடிக்குது. பாருங்க” என்று சட்டையைத் தூக்கிக் காட்டினார். இடது இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. “இத வலப்பக்கம் மாத்திக் குடுத்துடுங்க. பிஸ்டலுக்கு ஒரு கை முன்னால.”

அரையிஞ்சு சுவரில் இருந்த தாளைக் காட்டினார்.

“எனக்குத் தெரியாதா அண்ணே? நானும்தான் பயிற்சிக்குப் போனேன். இடிக்கிறது எனக்குத்தானே? ரெண்டும் தனித்தனி உறை, தனித்தனி மூடி. தொட்டாலே வித்தியாசம் தெரியும்.”

“ஆபீஸ்ல சொல்லி எழுதி வாங்கிட்டு வாங்க தம்பி. தச்சுத் தர்றேன்.”

“எழுதிக் குடுத்தா ஆறு மாசம் ஆகும். உங்க கைவேலைய ஸ்டேஷன்ல எல்லாரும் சொல்றாங்க. அந்த ஆளு தைச்சா தச்ச இடமே தெரியாதுன்னு. அதான் நேரா உங்ககிட்ட வந்தேன்.”

அந்த இடத்தில்தான் அரையிஞ்சு சறுக்கினார். பிற்பாடு அவரே அதை ஒத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் தைத்ததைப் பற்றி வெளியாள் ஒருவர் நேரில் வந்து நல்லதாக ஒரு வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை. பெல்ட்டை வாங்கி விரித்தார். உறையைப் பிரித்தார். வலப்பக்கம் அளந்து, புதிதாகத் துளை போட்டு, மெழுகு நூலில் கையாலேயே தைத்தார். இடப்பக்கத்தில் பழைய துளைகள் இருபத்தெட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. தோலில் துளை விழுந்தால் விழுந்ததுதான், துணியைப் போல மூடிக்கொள்ளாது. அப்படியே கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. அதே நிறத்தில் ஒரு துண்டுத் தோலை வெட்டி, மேலே வைத்துச் சுற்றித் தைத்து, சாவி மாட்டுகிற வாராக ஆக்கிவிட்டார். பாதிப் போலீஸ்காரர்கள் சாவி வார் வைத்துக்கொண்டிருந்ததால் அது யார் கண்ணையும் உறுத்தாது.

“தச்ச இடமே தெரியல” என்று நெட்டையர் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அரையிஞ்சு காசு வாங்கவில்லை. முதலாளியம்மாவிடம் சொல்லவும் இல்லை.

ஐந்து வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு நேரத்தில் சின்னக்கா போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். “எல்லாரும் இங்க பாருங்க, நம்ம பெல்ட்டு!”

யாரோ மாடியிலிருந்து எடுத்த வீடியோ. கடைத்தெரு. தண்ணீர் கேன் ஏற்றிய ஒரு சின்ன வேன் ரோட்டோரம் நிற்கிறது. வேனை எடுக்கச் சொல்லிப் போலீஸ்காரர் ஒருவர் கத்துகிறார். கேன்காரர், இன்னும் நாலு கேன்தான், இறக்கிவிட்டு எடுக்கிறேன் என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார். பேச்சு முற்றுகிறது. கேன்காரர் காலிக் கேன் ஒன்றைத் தரையில் ஓங்கிப் போடுகிறார். அது துள்ளிப் போலீஸ்காரரின் முழங்காலில் படுகிறது. போலீஸ்காரர் இரண்டடி பின்னால் போய், “ஷாக்! ஷாக்! ஷாக்!” என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி மூன்று தரம் கத்துகிறார். அப்புறம் ஒரு வெடிச்சத்தம். கேன்காரர் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். போலீஸ்காரர் தன் கையில் இருப்பதைக் குனிந்து பார்க்கிறார். அது மஞ்சளாக இல்லை.

“ஐயையோ, நிஜத் துப்பாக்கியையே எடுத்துட்டான்” என்றாள் சின்னக்கா.

அரையிஞ்சு அந்தப் போலீஸ்காரரின் உயரத்தைப் பார்த்தார். இடுப்பைப் பார்த்தார். வலப்பக்கம், பிஸ்டல் உறைக்கு ஒரு கை முன்னால், மஞ்சள் துப்பாக்கி தன் உறையில் பத்திரமாக இருந்தது. கையிலிருந்த சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தார். அதற்குப் பிறகு பட்டறையில் அவர் ஒழுங்காகச் சாப்பிட்டு யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் முதலாளியம்மா எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார். “விசாரணைக்கு வரப்போறாங்க. ரெண்டும் ஒரே பக்கம் இருந்துச்சாம். நம்ம வேலைல தப்பு இல்லையே? இருந்தா இப்பவே சொல்லிடுங்க.”

அரையிஞ்சு தரையைப் பார்த்தபடி நின்றார். சொல்ல வாயெடுத்தார் என்றுகூடச் சொல்லலாம். தொண்டையை ஒருமுறை கனைத்தார். அதற்குள், “நம்ம சரக்கு ஒண்ணுகூட அப்படிப் போகலம்மா, நான் தச்சதுக்கு நான் பொறுப்பு” என்று சின்னக்கா முந்திக்கொண்டாள். எல்லோரும் தலையாட்டினார்கள். அவரும் ஆட்டினார்.

வெள்ளிக்கிழமை விசாரணை அதிகாரி வந்தார். மெலிந்த ஆள், குரலே எழாது. அந்த பெல்ட்டைக் கண்ணாடிக் காகிதப் பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். மேஜைமேல் வைத்து, கையுறை போட்டு, மின்னதிர்ச்சித் துப்பாக்கி உறையின் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே குட்டி நட்சத்திரம்.

“இது யாரோட முத்திரை?”

“என்னோடதுதான் சார்” என்றாள் சின்னக்கா. “ஆனா நான் இடப்பக்கம்தான் தச்சேன்.”

“அந்தக் காவலர், பெல்ட் எனக்கு வரும்போதே இப்படித்தான் இருந்துச்சுன்னு எழுதிக் குடுத்திருக்கார்.”

“பொய் சார்! நூத்தி நாப்பதும் இடப்பக்கம்தான். இடக்கைக்காரங்களுக்கு ஒன்பது மட்டும் மாத்தி.”

“பத்தாவதா ஒண்ணு மாறிப் போயிருக்கலாம் இல்லையாம்மா? தினம் எத்தனை தைக்கிறீங்க? மனுஷங்கதானே.”

அவர் அதட்டவில்லை. இதமாகத்தான் சொன்னார். அந்த இதத்தில் சின்னக்காவின் கண் நிறைந்துவிட்டது. அரையிஞ்சு மூன்றடி தூரத்தில் நின்றிருந்தார். அவர் தைத்த சாவி வார் அவரைப் பார்த்தபடி மேஜையில் கிடந்தது. தையல் அத்தனை நேராக இருந்தது. அதிகாரி போனதும், விசாரணை முடியும்வரை சின்னக்கா வேலைக்கு வரவேண்டாம் என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். சின்னக்காவின் வீட்டில் அவள் ஒருத்திதான் வேலைக்குப் போகிறவள். மெஷினுக்கு உறை போட்டு மூடி, கத்தரிக்கோலைப் பையில் வைத்துக்கொண்டு அவரிடம் வந்தாள்.

“அண்ணே, நீங்கதான ஒவ்வொண்ணையும் அளந்து பார்த்தீங்க? உங்க கண்ணுக்குத் தப்புமா? நீங்களே சொல்லுங்க, நான் மாத்தித் தச்சிருந்தா உங்களுக்குத் தெரியாம போயிருக்குமா?”

“தெரிஞ்சிருக்கும்மா” என்றார் அவர்.

திங்கட்கிழமை வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். நெட்டையர். சாதாரணச் சட்டை, நாலு நாள் தாடி. அரையிஞ்சு ஓரடி தள்ளி நின்றார். மிரட்டத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தார். ஆனால் அவர் மிரட்டவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே பேசினார்.

“நான் ஷாக் துப்பாக்கியத்தான் எடுத்தேன் அண்ணே. சத்தியமா. கையில இருந்தது அதுதான்னு கடைசி செகண்டு வரைக்கும் நினைச்சேன். எட்டு வருஷமா அந்தக் கை அந்தப் பக்கம் போனா பிஸ்டலத்தான் எடுத்துப் பழகியிருக்கு. அது பாட்டுக்கு எடுத்துடுச்சு.”

“பெல்ட்டு அப்படியே வந்துச்சுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே தம்பி.”

“வேற என்ன எழுதச் சொல்றீங்க? பொண்டாட்டி மாசமா இருக்கா. நீங்க ஒண்ணும் பொய் சொல்ல வேணாம். சும்மா இருங்க, போதும். சொன்னா எனக்கு மட்டும் இல்ல, உங்களுக்கும்தான்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “கெஞ்சிக் கேக்குறேன்.”

பஸ் வந்தது. அரையிஞ்சு ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. நெட்டையர் போய் வெகுநேரம் ஆனபிறகு நடந்தே வீட்டுக்குப் போனார்.

மனைவியிடம் அன்றைக்குத்தான் சொன்னார். அவள் பெரிய ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பகுதியில் வேலை பார்த்தாள். வார்டு வார்டாகப் போய் அழுக்கு விரிப்புகளை எடுத்துக்கொண்டு, வெளுத்ததை வைத்துவிட்டு வருவாள். ஒரு வாரமாக அவர் தட்டில் கை வைத்துக்கொண்டு எங்கேயோ பார்ப்பதை அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வேறு ஏதோ வியாதி என்று பயந்திருந்தாள். கேட்டு முடித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“வேற யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது.”

“அப்ப வாயைத் திறக்காதீங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“என்னைப் பார்க்காதீங்க. உங்களுக்கு அம்பத்திரெண்டு வயசு. இந்த வயசுல எவன் வேலை குடுப்பான்? கேஸு கோர்ட்டுன்னு இழுத்தா யாரு அலையறது? சுட்டது அவன். நீங்களா சுட்டீங்க?”

“சின்னக்கா?”

“அவ சின்ன வயசு. வேற இடத்துல சேர்ந்துக்குவா.” சொல்லிவிட்டாளே தவிர, அதைச் சொல்லும்போது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அரையிஞ்சு பட்டறையில் ஒரு வேலையும் உருப்படியாகச் செய்யவில்லை. நூல் அறுந்தது. வளையத்தைத் தலைகீழாக வைத்துத் தைத்தார். ஒரு நாள் தோலை ஒரு இஞ்சு குறைத்து வெட்டிவிட்டார். வெட்டுமேஜைக்காரர், “என்ன அண்ணே, பேரை ஒரு இஞ்சுன்னு மாத்திடலாமா?” என்றபோது எல்லோரும் சிரிக்க, அவருக்கு அழுகை முட்டியது. வெளியே மோட்டார் சைக்கிள் நின்றால் கை நின்றுவிடும். எதிர்ச்சுவரில் அந்தத் தாள் அப்படியே ஒட்டியிருந்தது. மெஷினைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தார். ஏன் என்று கேட்பார்களே என்று விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை மனைவி வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

“மூணாவது மாடிக்கு இன்னிக்கு என்னைத்தான் அனுப்பினாங்க. அந்தக் கேன்காரரைப் பார்த்தேன்.”

அவர் நகர்த்திப் போட்ட நாற்காலியில் அவள் உட்காரவில்லை.

“தொடை எலும்பு ரெண்டா போயிருக்கு. ரெண்டாவது ஆபரேஷன் முடிஞ்சிருக்கு. விரிப்பை மாத்தணும்னு நாங்க நாலு பேர் சேர்ந்து தூக்கினோம். வலி தாங்காம என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. அப்புறம், ‘மன்னிச்சுக்கோங்கக்கா, அழுத்திப் பிடிச்சுட்டேன்’னாரு.” அவள் தன் மணிக்கட்டைத் தடவினாள். “என்கிட்ட மன்னிப்புக் கேக்குறாருங்க.”

செருப்பைக் கழற்றிக்கொண்டே, “சொல்லிடுங்க. என்ன ஆனாலும் பார்த்துக்கலாம்” என்றாள்.

விசாரணை திங்கட்கிழமை காலை பத்தரைக்கு. போலீஸ் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் ஒரு நீளமான அறை. சுழலாத மின்விசிறி, பிளாஸ்டிக் நாற்காலிகள். முதலாளியம்மா, சின்னக்கா, பட்டறையின் மூத்த ஆள் என்பதால் அரையிஞ்சு, மூவரையும் வரச்சொல்லியிருந்தார்கள். எதிர் வரிசையில் நெட்டையரும் அவருடைய வக்கீலும். மேஜைக்குப் பின்னால் விசாரணை அதிகாரியோடு இன்னும் இரண்டு அதிகாரிகள், ஓரத்தில் அந்தப் பயிற்சி அதிகாரி. படியேறும்போதே முதலாளியம்மா காதோடு சொன்னார்: “அளவு எல்லாம் சரி, பொருத்தினதுல ஒரு கைப்பிழைன்னு மட்டும் சொல்லுங்க. பதினோரு பேர் பொழப்பாவது மிஞ்சும்.” சின்னக்கா இரண்டு படி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். காதில் விழுந்ததா இல்லையா தெரியவில்லை.

விசாரணை அதிகாரி அவரைத்தான் முதலில் கேட்டார். “நீங்க எத்தனை வருஷமா இந்த வேலைல இருக்கீங்க?”

“இருபத்திரெண்டு வருஷங்க.”

“இந்த பெல்ட்டப் பார்த்து, உறை பொருத்தினதைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க.”

பெல்ட் முன்னால் இருந்தது. அரையிஞ்சு அதைத் தொடவில்லை. நெட்டையர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் இமைக்கவில்லை.

“அந்தச் சாவி வாரைப் பிரிக்கணுங்க” என்றார்.

“எது?”

“இடப்பக்கம் இருக்கே, அது. சின்னக் கத்தி ஏதாவது இருந்தா குடுங்க. நான் பிரிச்சுக் காட்டுறேன்.”

வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். அதிகாரிகள் தலையைச் சேர்த்துப் பேசிக்கொண்டார்கள். கடைசியில் படம் எடுக்கிற ஆளைக் கூப்பிட்டு, கேமராவை ஓடவிட்டு, காகிதம் வெட்டுகிற கத்தி ஒன்றைக் கொடுத்தார்கள். அரையிஞ்சு கத்தியை வாங்கி, வாரின் ஓரத்தில் நூலைத் தேடினார். ஒவ்வொரு தையலாக அறுத்தார். தோல் துண்டை உரித்து மேஜைமேல் வைத்தார். கீழே இருபத்தெட்டுத் துளைகள், இரண்டு வரிசையாக, பெல்ட்டின் இடப்பக்கத்தில்.

“உறை இருந்த இடம் இதுதாங்க. இந்தப் பொண்ணு சரியாத்தான் தச்சா. பிரிச்சு மாத்தினது நான். சனிக்கிழமை, யாரும் இல்லாதப்போ. அவர் கேட்டாரு. இடுப்புல காயம் காட்டினாரு. தச்சுக் குடுத்தேன். துளை அசிங்கமா தெரிஞ்சதால அது மேல வார் வச்சு மறைச்சேன்.”

“ரெண்டும் ஒரே பக்கம் வரக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியுங்க. அந்தம்மா நேர்ல வந்து சொன்னாங்க. நான்தான் கேள்வி கேட்டேன். தாள் என் தலைக்கு மேலதான் ஒட்டியிருக்கு.”

பயிற்சி அதிகாரி கையால் முகத்தை மூடிக்கொண்டார். நெட்டையர் மேஜையில் நெற்றியைக் கவிழ்த்தார். அவர் முதுகு குலுங்குவது தெரிந்தது. முதலாளியம்மா முகத்தில் ஈயாடவில்லை. சின்னக்கா அந்தத் துளைகளைக் குனிந்து பார்த்தாள். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். பிறகு எழுந்து வெளியே போய்விட்டாள்.

அரையிஞ்சை அன்றே கைது செய்வார்கள் என்று அவர் மனைவி பையில் மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு கீழே வந்து நின்றிருந்தாள். கைது ஒன்றும் செய்யவில்லை. எழுதி வாங்கிக்கொண்டு, கூப்பிடும்போது வரவேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். நெட்டையரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து வழக்குப் போட்டார்கள். போலீஸ் ஆர்டர் பட்டறைக்கே மறுபடி வந்தது, ஆனால் அரையிஞ்சு அந்தச் சரக்கைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு. முதலாளியம்மா, “தொடாம இருக்கிற ஆளுக்கு இங்க என்ன வேலை?” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். சின்னக்கா வேலைக்குத் திரும்பினாள். அவர் தன் கத்தியையும் உளிகளையும் எடுக்கப் போன அன்று, அவள் மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்: “பத்து நாள் என்னை அழவிட்டுப் பார்த்துக்கிட்டு இருந்தீங்கல்ல?” அவர் ஆமாம் என்று மட்டும் சொன்னார். இன்றுவரை அவள் அவரோடு பேசவில்லை.

இப்போது பஸ் நிலையத்துக்குப் பின்னால் பை தைக்கும் கடை ஒன்றில் ஜிப்பு மாற்றுகிறார். கடைக்காரர் நல்ல மாதிரி. அரையிஞ்சுதான் இன்னும் தேறவில்லை. தெருவில் போலீஸ்காரர் யாராவது எதிரே வந்தால் முகத்தைப் பார்க்கமாட்டார், இடுப்பைப் பார்ப்பார். ஒருமுறை ஒருவர், “என்னய்யா பார்க்கிற?” என்று அதட்ட, அரையிஞ்சு கடைக்குள் ஓடிவந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டதும் நடந்தது.

கேன்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபிறகு அவரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அரையிஞ்சு பிடிவாதமாக இருந்தார். மனைவி கூட வந்தாள். ஒற்றை அறை, சுவரோரம் கட்டில், காலில் இரும்புக் கம்பிகள் வைத்த கட்டு. கேன்காரருக்கு அரையிஞ்சின் மனைவியைத்தான் அடையாளம் தெரிந்தது. “வாங்கக்கா, இது உங்க வீட்டுக்காரரா?” என்று சிரித்தார்.

அரையிஞ்சு உட்காராமலே, நடந்த எல்லாவற்றையும் சொன்னார். சனிக்கிழமை, கன்றிப்போன இடுப்பு, இருபத்தெட்டுத் துளை. கேன்காரர் குறுக்கே பேசாமல் கேட்டார். சிரிப்பு எப்போதோ போய்விட்டிருந்தது.

“அப்ப நீங்க அதைத் தைக்காம இருந்திருந்தா, என் மேல அந்த மஞ்சத் துப்பாக்கி பட்டிருக்கும்?”

“ஆமாங்க.”

“அஞ்சு செகண்டு துடிச்சு விழுந்திருப்பேன். அப்புறம் எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருப்பேன்?”

“ஆமாங்க. அப்படித்தான் சொன்னாங்க.”

“போலீசு, வக்கீலு, டிவிக்காரன், எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. எடுத்தது தப்பாம், எடுக்க வேண்டியது வேறயாம்.” கேன்காரர் கட்டிலில் கையூன்றிச் சற்று நிமிர்ந்தார். “நாலு கேன் இறக்கணும்னு சொன்னேன். கோவத்துல காலிக் கேனைக் கீழ போட்டேன். அதுக்கு எந்தத் துப்பாக்கிய எடுக்கணும்?”

தான் இவ்வளவு நாள் இடப்பக்கம், வலப்பக்கம் என்று மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் அரையிஞ்சுக்கு உறைத்தது. அவர் மனைவிதான், “போயிட்டு வர்றோம் தம்பி” என்று சொல்லி அவர் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள். கேன்காரர் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் கோர்ட்டில் அரையிஞ்சு சாட்சி சொல்ல வேண்டும். என்ன கேட்பார்கள், எப்படிச் சொல்ல வேண்டும் என்று அரசு வக்கீல் போன வாரம் கூப்பிட்டு ஒத்திகை பார்த்தார். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது அரையிஞ்சு தயங்கித் தயங்கிக் கேட்டார்: “அந்தக் கேன்காரர் என்கிட்ட ஒண்ணு கேட்டாருங்க. அதையும் நான் அங்க சொல்லலாமா?”

வக்கீல் காகிதங்களை அடுக்கிக்கொண்டே சொன்னார். “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.”